மயிர்க்கொட்டிப் பட்டினம்

எங்கட வீட்டில் ஒரு அமெரிக்க பேண்டுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. வைத்தது அண்ணா. அதிகம் பாவிக்கிறது அம்மா. "பிள்ளை, அந்த மயிர்க்கொட்டிப் பாட்டை நிப்பாட்டிப்போட்டு வந்து தேங்காயைத் திருவித் தா."

பேண்டின் உண்மைப் பெயர் சிட்டி ஒஃப் கேட்டர்பில்லர். கேட்டர்பில்லர் என்றால் எங்கட ஊரில் மயிர்க்கொட்டி. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கம்பளிப்பூச்சி. மழைக்குப் பிறகு முருங்கை மரத்தில் அப்பிக்கொண்டு கிடக்குமே, அதுதான். "மயிர்க்கொட்டிப் பட்டினம்" என்று அண்ணா மொழிபெயர்த்த நாளிலிருந்து வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

இந்த பேண்டைப் பற்றி எழுதித் தாறன் என்று சொல்லி நாலு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் ரெண்டாவது பந்தியிலேயே அண்ணா வந்துவிடுகிறார். மூன்றாவதில் அம்மா. அழித்து அழித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அதனால் வருகிறபடியே எழுதுகிறேன்.

முதலில் பேண்ட். அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் நகரம். 2000 இல் தொடங்கினார்கள், 2003 இல் கலைந்தார்கள். நாலு பேர். சின்னச் சின்ன வெளியீடுகளை விட்டால், அந்த மூன்று வருஷத்துக்கு மிஞ்சினது ஒரே ஒரு முழு அல்பம். 2002 இல் லெவல் பிளேன் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அல்பத்துக்குத் தனிப் பெயர்கூட இல்லை, பேண்டின் பெயரேதான். ஏழு பாட்டு. நான் பிறந்தது 2003. அதாவது நான் வரும்போது அவர்கள் போய்விட்டார்கள்.

இவர்களை ஸ்கிரீமோ என்பார்கள், போஸ்ட் ரொக் என்றும் சொல்வார்கள். ரெண்டையும் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் வாஷிங்டனில் ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங் போன்ற சில குழுக்கள் ஹார்ட்கோர் பங்க் வாசித்தன. அதுவரை அந்த இசைக்குள் வெளியுலகத்தின் மீதான கோபம்தான் பெரும்பாலும் இருந்தது. இவர்கள் அதே வேகத்துக்குள் சொந்தத் துக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தொண்ணூறுகளில் சான் டியாகோ பக்கம் அது இன்னும் உடைந்து, இன்னும் வேகமாகி, பாடுவது என்பதே கத்துவது என்று ஆனது. ஸ்கிரீமோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இந்தக் குழுக்களுக்கு ஆயுள் குறைவு. ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங் 1984 இலிருந்து 1986 வரை. நியூயோர்க்கின் சேட்டியா 1997 இலிருந்து 1999 வரை. மசாச்சுசெட்ஸின் ஓர்க்கிட் 1998 இலிருந்து 2002 வரை. ஒரு கம்பஸ் பட்ச் உள்ளே வந்து வெளியே போகிற காலம், அவ்வளவுதான்.

போஸ்ட் ரொக் இதற்கு நேர் எதிர். அதே கிட்டார், அதே ட்ரம்ஸ். ஆனால் பல்லவி சரணம் என்று ஒன்றும் இல்லை, பெரும்பாலும் பாடுகிறவரே இல்லை. ஒரு சின்னச் சத்தத்தில் தொடங்கி, திரும்பத் திரும்ப அதையே வாசித்து, நிமிஷக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். 1994 இல் சைமன் ரெனல்ட்ஸ் என்ற விமர்சகர் எழுதப்போய் அந்தப் பெயர் பரவியது. கிளாஸ்கோவின் மொக்வாய், மொன்றியலின் கொட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் எல்லாம் இந்த வகை.

கத்துகிறவர்களுக்குப் பொறுமை இல்லை, பொறுமையானவர்கள் கத்துவதில்லை. மயிர்க்கொட்டிக்காரர் ரெண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்தார்கள். ஒரு கிட்டார் ரெண்டு மூன்று சுரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வாசிக்கும். ட்ரம்ஸ் அடுத்த தெருவில் அடிக்கிற மாதிரி வரும். நீங்கள் காத்திருப்பீர்கள். பிறகு திடீரென்று கூரையே பிரிந்து விழுகிற மாதிரி ஒரு கத்தல். அந்தக் குரல்கூட முன்னுக்கு நிற்காது, கிட்டார்களுக்குள் புதைந்து கிடந்து வரும். என்ன சொல்கிறான் என்று ஒரு இழவும் விளங்காது. முதல்முறை கேட்டபோது என் போன் ஸ்பீக்கர் பழுது என்றுதான் நினைத்தேன்.

2022 இல் அண்ணாவுக்கு இருபத்துநாலு வயது. அந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கடலுக்குப் போகவில்லை. போட்டு போகாவிட்டால் மீன் வாடியில் வேலை இல்லை. மூதூர் லோஞ்ச் வெளிக்கிடுகிற ஜெட்டியிலிருந்து கொஞ்சத் தூரத்தில், அண்ணாவின் கூட்டாளி வீட்டுக்காரருக்கு ஒரு வாடி இருந்தது. சும்மா கிடந்த அந்த வாடியில்தான் நாலு பெடியள் ஒரு பேண்ட் தொடங்கினார்கள்.

அண்ணா கிட்டார், கத்துவதும் அவர்தான். ட்ரம்ஸ் அடித்தவர் சேர்ச்சில் அடிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் சரியான அடக்கமாக அடிப்பார். இன்னும் ரெண்டு பேர். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் பழைய வலைகளைத் தொங்கவிட்டார்கள். சத்தம் அடங்கியதோ இல்லையோ, கிட்டார் உறையிலிருந்து இன்றைக்கும் கருவாட்டு மணம் போகவில்லை.

இந்த நாட்டில் கத்துகிற இசை இல்லாமல் இல்லை. கொழும்பில் ஸ்டிக்மாட்டா 2003 இலேயே முதல் அல்பம் போட்டது, ஆங்கிலத்தில். சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோது, தமிழில் கோபமாகப் பாட ஒரு பேண்ட் வந்துவிட்டது என்று அண்ணா இரவிரவாக யூடியூப்பில் கிடந்தார். ஆனால் இவர்களுக்குத் தமிழில் கத்த வேண்டும். அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. எந்தத் தமிழ்ச் சொல்லைக் கத்தலாம் என்று வாடியில் ஒரு பின்னேரம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோன இடத்தில் அதையும் பார்த்தேன். "வாழ்க்கை" சரிவரவே வராது, ழகரத்தில் தொண்டை மடங்கிப்போகும். "ஏன்" நல்லா வரும், ஆனால் சினிமாத்தனமாக இருக்கும். கடைசியில் ஒரே ஒரு சொல்லில் நின்றார்கள்: "கேக்குதா". கடைசியில் இருக்கிற "தா"வை நீட்டி, கிழித்து, எவ்வளவு தூரத்துக்கும் கொண்டுபோகலாம். பதினொரு நிமிஷப் பாட்டு. அதில் மொத்த வரியும் அதுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பாட்டு பிடிக்காமல் இல்லை, பாட்டை அவ கேட்டிருக்கவே இல்லை. நாலு பெடியள் ஒரு இடத்தில் சேர்ந்து நிற்பதுதான் அவவுக்கு ஆகாது.

திருகோணமலைக்கு வந்தவர்கள் டச்பே கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள். பின்னேரம் சனம் பிள்ளைகளோடு வந்து இருக்கும். கச்சான், இறால் வடை, மாங்காய், நடுவில் மான்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் கூடி நின்ற ஐந்து தமிழ் மாணவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப்படையினரை, போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. கொலை நடந்தபோது அண்ணாவுக்கு எட்டு வயது, எனக்கு ரெண்டு. அந்த ஜனவரியிலிருந்து எங்கட வீட்டில் ஒரு சட்டம்: கூட்டமா நிக்காத, சத்தம் போடாத. அண்ணா வளர்ந்து மீசை வைத்த பிறகும் அது மாறவில்லை. "அஞ்சு பெடியள் சும்மா கதைச்சுக்கொண்டுதானே நிண்டவங்கள்" என்று மட்டும் சொல்லுவா. அதற்கு மேலே கதைக்க மாட்டா.

ஏப்ரலில் ஒரு இரவு. கரண்ட் இல்லை. ஊரே இருட்டு. ஃபேன் இல்லாததால் எல்லா வீட்டு யன்னலும் திறந்து கிடந்தது. அண்ணா பின்னறையில் இருந்து, அம்ப் ஒன்றும் இல்லாமல், கிட்டாரை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல அமைதி. துறைமுகத்தில் நின்ற கப்பலின் ஜெனரேட்டர் மட்டும் தூரத்தில் கேட்டது. அப்போதுதான் மனுசன் கத்தினார்.

ரெண்டு நிமிஷத்தில் முன்வீட்டு மாமி டோர்ச்சோடு ஓடி வந்தா. பின்னால் இன்னும் நாலு பேர். "ஐயோ, ஆருக்கு என்ன? சாவீடு எண்டெல்லோ நினைச்சிட்டம்!" அண்ணா கிட்டாரோடு வாசலில் வந்து நின்று, "இல்லை மாமி, பாட்டுப் படிச்சனான்" என்றார். மாமி டோர்ச்சை அவருடைய முகத்தில் அடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றா. அதை நாங்கள் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பார்த்தால் அவ குசினியில் நிலத்தில் இருந்தா. மெழுகுதிரி வெளிச்சத்தில் கை நடுங்குவது தெரிந்தது. தண்ணி குடுத்தேன். கன நேரத்துக்குப் பிறகுதான் கதைத்தா. 2006 இல் சம்பூர்ப் பக்கம் செல் அடித்த காலம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவதான் என் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தவ. "சத்தம் வரேக்க பயமில்லை பிள்ளை. சத்தம் வாறதுக்கு முன்னம் ஒரு அமைதி இருக்கும். அதுதான் பயம். அது சொல்லிப்போட்டு வராது."

வாசலில் நின்ற அண்ணா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் வீட்டில் ஒரு நாளும் கத்தவில்லை.

அந்த வசனம் எனக்கு மயிர்க்கொட்டிப் பாட்டைக் கொஞ்சக் காலம் கெடுத்துப் போட்டது. யோசித்துப் பாருங்கள். நீண்ட அமைதி, பிறகு சத்தம். நாங்கள் அழகு என்று ரசிக்கிற அந்த அமைப்பு, அம்மாவின் உடம்புக்குத் தெரிந்த செல்லடியின் அமைப்பேதான். அந்த அல்பம் வந்த அதே 2002 இல்தான் இங்கே யுத்தநிறுத்த ஒப்பந்தமும் கையெழுத்தானது. அந்த அமைதிக்குப் பிறகு என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா பயந்து கிடந்த ஒன்றை நான் காசு குடுத்து ஹெட்செட் வாங்கிக் கேட்கிறேனா? எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அல்பத்தை மாதக் கணக்கில் திறக்கவில்லை.

பதில் மாதிரி ஒன்று பஸ்ஸில் கிடைத்தது. நான் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறேன். வீட்டிலிருந்து போகும்போது கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று பாதை நீளும். ஒரு திங்கட்கிழமை விடிய, நித்திரைத் தூக்கத்தில் போனில் அந்த அல்பம் தானாகவே தொடங்கிவிட்டது. நிறுத்தவில்லை. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது கிட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பாலம் 396 மீற்றர், 2009 இல் திறந்தது. அதற்கு முதல் அம்மா ஆக்கள் பாதையில் ஏறித்தான் தண்ணியைக் கடந்தவர்கள். பாலம் முடிகிற இடத்தில் ட்ரம்ஸ் ஒரு அடி கூட்டி அடிக்கத் தொடங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது, இனி வரப்போகுது. ரெண்டாவது கிட்டார் சேர்ந்தது. கிட்ட வந்துவிட்டது. என் தோள் தானாகவே இறுகியது. வந்தது. தோள் இறங்கியது.

அப்போதுதான் விளங்கியது. இது சொல்லிப்போட்டு வருகிற சத்தம். அந்த நாலு பேரும் உங்களை இருட்டில் தனியாக நிற்கவிடுவதில்லை. கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, இதோ, இன்னும் கொஞ்சம், இதோ என்று கூட்டிக்கொண்டு போய்த்தான் கத்துகிறார்கள். செல்லுக்கு உங்களைத் தெரியாது. இந்தக் கத்தலுக்கு நீங்கள் காத்திருந்தது தெரியும். அமைப்பு ஒன்றுதான். ஆனால் ஒன்றில் நீங்கள் அகப்பட்டவர், மற்றதில் கூடப் போனவர். பயத்தின் உருவத்தை எடுத்து அதற்குள் ஒரு வழி போட்டுத் தந்த மாதிரி. இது என்னுடைய விளக்கம்தான், ரிச்மண்ட் பெடியள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அண்ணாவின் பேண்ட் எட்டு மாதம் இருந்தது. பாஸ்போர்ட் கியூவில் முதலில் நின்றது ட்ரம்ஸ்காரர். அவர் துபாய் போனார். அதோடு மற்ற ரெண்டு பேரும் வாடிப் பக்கம் வருவதை விட்டார்கள். மண்ணெண்ணெய் வரத் தொடங்கியது, வாடியில் திரும்ப மீன் பெட்டி அடுக்கினார்கள். நவம்பரில் அண்ணா கட்டார் போனார். ஏஜென்சிக் காசுக்காக அம்பையும் பெடலையும் விற்றார். கிட்டாரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, மணத்தால் இருக்கலாம்.

அதே 2022 இல்தான் சிட்டி ஒஃப் கேட்டர்பில்லர் ரெண்டாவது அல்பம் போட்டார்கள். 2016 இல் திரும்பச் சேர்ந்தவர்கள், முதல் அல்பம் வந்து இருபது வருஷத்துக்குப் பிறகு "மிஸ்ரிக் சிஸ்டர்ஸ்" என்று ஒன்றை வெளியிட்டார்கள். அண்ணா போவதற்கு முதல் நாள் இரவு, சூட்கேசுக்குள் மிளகாய்த்தூள் பார்சலைத் திணித்துக்கொண்டு, "அப்ப எங்களுக்கு 2042 வரைக்கும் டைம் இருக்கு" என்றார். பகிடிக்குத்தான். கட்டார் போன பிறகு அந்தப் பகிடியும் நின்றுவிட்டது. நான் பேண்டைப் பற்றி எடுத்தால், "அதை விடு, சும்மா விளையாட்டு, எட்டு மாசம் கரண்ட் இல்லாததால செய்தது" என்பார்.

எனக்கு இதில்தான் கோபம். ஸ்லிண்ட் என்று ஒரு குழு, லூயிவில் நகரம். "ஸ்பைடர்லாண்ட்" என்ற அவர்களுடைய அல்பம் 1991 இல் கடைக்கு வரும்போது அந்தக் குழுவே இல்லை. அப்போது அதைக் கணக்கெடுத்தவர்கள் கொஞ்சப் பேர். பிறகு வந்த போஸ்ட் ரொக் குழுக்களில் முக்கால்வாசி அந்த வாசலால் வந்தவைதான். நீளமாக இருந்ததுதான் உண்மை, குறுகினது எல்லாம் விளையாட்டு என்று எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? எங்கட ஊரில் எது நீளமாக இருந்தது? வெளிநாடு, இடம்பெயர்வு, வேலை என்று எல்லோரும் பாதியில் எழும்பிப் போகிற இடம் இது. எட்டு மாதம் நாலு பெடியள் ஒரு அறைக்குள் பயமில்லாமல் சேர்ந்து நின்று சத்தம் போட்டார்கள். அம்மாவின் சட்டம் ரெண்டையும் ஒரே இடத்தில் உடைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டு என் போனில் இருக்கிறது. வாடியில் ஒரு போனை மீன் பெட்டிக்கு மேலே வைத்து எடுத்த ரெக்கோர்டிங். பதினொரு நிமிஷம். நடுவில் ஒரு காகம் வேறு.

போன லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு அதைக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "மயிர்க்கொட்டியா?" என்றா. "இல்லை அம்மா, இது அண்ணா ஆக்களின்ட" என்றேன். கத்தி நின்றது. "போடு" என்றா. நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் முதலிலிருந்து போட்டேன்.

முதல் மூன்று நிமிஷம் ஒன்றும் இல்லை, கிட்டார் மட்டும்தான். அம்மா கொஞ்சம் பொறுத்தா. பிறகு, "இதில எப்ப கத்துவான்?" என்றா.

"கொஞ்சம் பொறுங்க அம்மா, வரும். ட்ரம்ஸ் கூடும், பிறகு மற்றக் கிட்டார் சேரும், அதுக்குப் பிறகு."

"சொல்லு, என்ன."

"சொல்லுறன்."

ட்ரம்ஸ் கூடியபோது சொன்னேன். கிட்டார் சேர்ந்தபோது சொன்னேன். "இப்ப" என்றேன். அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டா. அண்ணா கத்தினார். சின்ன ஸ்பீக்கரில் குரல் கிழிந்து, தகரம் மாதிரி வந்தது. "கேக்குதாஆஆ."

ஒவ்வொரு நாள் இரவும் கட்டாரிலிருந்து வாட்ஸ்அப் கோல் வரும். லைன் சரியில்லை. அண்ணா முதலில் கேட்கிறதே அந்தச் சொல்தான். கேக்குதா, அம்மா, கேக்குதா.

அம்மாவின் கை நடுங்கவில்லை. போனுக்குக் கிட்டக் குனிந்து, கோலில் சொல்கிற அதே குரலில், "கேக்குதடா, சொல்லு" என்றா.